25,000 ரூபாயில் ஒரு புறவாசல்

கேள்வி: தக்கலைப் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்தோம். பின்னால் மூன்று சென்ட் சும்மா கிடக்கிறது. ஒரு தென்னை, ஒரு கிணறு, மீதியெல்லாம் செம்மண். மழை பெய்தால் துணி காயப்போடக்கூட இறங்க முடியாது. தோட்டம் அமைத்துத் தருகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முழுக்கக் கொரியன் புல், பேவர் பிளாக் பாதை, அலங்காரச் செடி எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய் சொன்னார். பாதியை முன்பணமாகக் கேட்கிறார். எங்கள் கையில் 25,000தான். மாமியார் சாயங்காலம் உட்கார ஓர் இடம் இருந்தால் போதும் என்கிறார். நடக்குமா?

பதில்: மாமியார் சொல்வதைக் கேளுங்கள், 25,000 தாராளம். மூன்று சென்ட் என்றால் ஏறத்தாழ 1,300 சதுர அடி. அவ்வளவையும் மூடுவதற்குத்தான் 1,35,000. உங்களுக்குத் தேவை கிணற்றுக்கும் துணிக்கொடிக்கும் போக 30 அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு பாதை. உட்கார 12-க்கு 10 அடியில் ஒரு தளம். இரண்டும் சேர்ந்து 195 சதுர அடி. கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும், தென்னை நிழலில் திட்டுத்திட்டாகப் போய்விடும். வெட்டிப் பராமரிக்கவும் வேண்டும். அதை விட்டுவிடுங்கள்.

பணத்தை எடுக்குமுன் ஒரு பெருமழைக்குக் காத்திருங்கள். குமரியில் அதற்கு அதிக நாள் ஆகாது; ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு பருவமும் நமக்கு உண்டே. மழை விட்டதும் குடையோடு இறங்கி, தண்ணீர் தேங்குகிற இடத்தில் எல்லாம் குச்சி நட்டு வையுங்கள். பாதையும் தளமும் அந்தக் குச்சிகளைத் தொடக்கூடாது. தண்ணீர் வடிகிற பக்கம் ஒரு வாய்க்கால் கீறி, அதன் கடைசியில் மட்டி வாழை இரண்டு வைத்தால் போதும்.

பாதைக்கும் தளத்தின் அடிக்கும் மூன்று அங்குலக் கனத்தில் சரளோ ஜல்லியோ விரிக்கலாம். 195 சதுர அடிக்கு 49 கன அடி வரும், அதாவது அரை யூனிட். ஒரு யூனிட் 100 கன அடி. இங்கேதான் ஏமாறுவார்கள். வண்டி வந்து நின்றதும், கொட்டுவதற்கு முன்பே, டேப்பை எடுத்துச் சரக்கின் நீளம், அகலம், உயரத்தை அடிக்கணக்கில் அளந்து பெருக்குங்கள். நடுவில் குவித்து ஓரத்தில் இறக்கியிருந்தால் மட்டம் தட்டச் சொல்லிவிட்டு உயரம் பாருங்கள். 50-க்கு 38 வந்தால் அந்தக் கணக்குக்குத்தான் பணம். டிரைவர் முறைப்பார், முறைக்கட்டும்.

தளத்தில் அதன் மேல் பதிக்கக் கிரானைட் கடையில் ஒதுக்கிப் போட்டிருக்கும் ஓரத்துண்டுகளைக் கேளுங்கள். பளபளப்பான முகத்தைக் கீழே போட்டுச் சொரசொரப்பை மேலே வையுங்கள். வயசானவர் நடக்கிற இடம், மழையில் வழுக்கும். பாதை ஓரத்துக்கு, ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் பழைய ஓட்டைப் பாதி புதைத்துச் செருகினால் சரள் சிதறாது.

செடிக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். செம்பருத்தி, குரோட்டன்ஸ், பிச்சி எல்லாம் அக்கம்பக்கத்தில் கம்பு வாங்கி மழைத் தொடக்கத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். தென்னை நிழலில் இஞ்சியும் சேம்பும் வரும். செடியைச் சுற்றிக் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி புதைத்தால் ஈரம் நிற்கும். பழமரம் வேண்டுமென்றால் கன்னியாகுமரி அரசுப் பழத்தோட்டத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ என்ன கன்று இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

தோட்டம் அமைக்க வந்தவரிடமே வேலை கொடுப்பதானாலும் பாதி முன்பணம் வேண்டாம். எத்தனை சதுர அடி, என்ன சரக்கு, செடி பட்டுப்போனால் யார் மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொண்டு, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ஒட்டுப் பலா என்று ஒரு நர்சரியில் வாங்கி வைத்தேன். பக்கத்து வீட்டு மாமா பார்த்துவிட்டு, "இது வெறும் விதைக்கன்னு" என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தண்டின் அடியைத் துடைத்துப் பாருங்கள். ஒட்டுக்கன்றில் ஒட்டின இடம் கணு போலத் தடித்திருக்கும். பெரும்பாலும் அதற்கு மேலும் கீழும் பட்டை நிறமும் மாறியிருக்கும். அடிமுதல் நுனிவரை ஒரே சீராக இருந்தால் மாமா சொன்னதுதான் சரி. சிலர் சும்மாவே டேப் சுற்றி விற்கிறார்கள், அதனால் டேப்பை நம்ப வேண்டாம். வடு இருந்து, அதற்குக் கீழே துளிர் வந்திருந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் அடிச்செடிதான் வளரும்.

பில்லில் 'ஒட்டு' என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் முதலில் கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். அதற்கு முன் தண்டின் அடி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.