மீந்துபோன மாத்திரை

வணக்கம். அம்மாவுக்குப் பித்தப்பையை அகற்றி ஆறு நாள் ஆகிறது. பித்தநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்திருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. டாக்டர் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார். ஆபரேஷன் தியேட்டரில் சுத்தம் போதவில்லையா? மருந்தைத் தொடரச் சொல்லலாமா? ஆபரேஷனுக்கு முன் இரண்டு முறை குளிர்காய்ச்சல் வந்தது, வீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துச் சரிசெய்தோம். இனி என்ன சாப்பிடலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா தேறிவருவதில் மகிழ்ச்சி. தியேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். ஈ.கோலை நம் குடலிலேயே குடியிருப்பது. பித்தநீரில் பொதுவாகக் கிருமி இருக்காது. ஓடிக்கொண்டே இருப்பதால் வருவதை அடித்துக்கொண்டு போய்விடும். பித்தக்கல் அடைத்தால் ஓட்டம் தேங்கும், தேங்கினால் கிருமி பெருகும். வயதானவர்களிடமும் பித்தக் குழாயில் கல் இறங்கியவர்களிடமும் இது அதிகம். அழற்சியடைந்த பையையே எடுத்த பிறகு, காய்ச்சல் இல்லாத பலருக்கு மேற்கொண்டு மருந்து தேவைப்படுவதில்லை. சாப்பாட்டை டாக்டரிடம் கேளுங்கள்.

ஆனால் ‘சரிசெய்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எதைச் சரிசெய்தீர்கள்?

என் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. மேசை இழுப்பறையில் நான்கு மாத்திரை மீந்த அட்டை ஒன்று கிடந்தது. கொடுத்தோம், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். மஞ்சள். நாங்கள் ஆறு பேர் வீட்டில் இருந்தோம், ஒருவரும் பார்க்கவில்லை. தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. பிழைத்து வந்தார், ஆனால் பழைய அப்பாவாக இல்லை.

நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை: பித்தக் குழாயில் தொற்றா என்று அறிய இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877லேயே சொல்லிவிட்டார். மூன்றும் ஒன்றாக வரும் என்று காத்திருக்கவும் கூடாது. அரைகுறை மாத்திரை கல்லைக் கரைக்காது. காய்ச்சலை மறைக்கும், கல்ச்சரில் கிருமி வளராமலும் செய்துவிடும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரியாமல் டாக்டர் திண்டாட வேண்டியதுதான். பயத்தில் கொடுத்திருப்பீர்கள், அது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இனிமேல் செய்யாதீர்கள்.

பைதான் போயிற்றே என்று இருந்துவிடாதீர்கள், குழாய் இருக்கிறது. அதில் கல் தங்கியிருக்கலாம். மறுபடி நடுக்கம் வந்தால் இரவானாலும் கிளம்புங்கள். சர்ஜனிடம் ரிப்போர்ட்டைக் காட்டும்போது அந்த இரண்டு காய்ச்சலையும் சொல்லுங்கள். மாத்திரையின் பெயர் நினைவில்லை என்றால் அட்டையையே எடுத்துப் போங்கள்.