நாங்கள் பாடினால் சபை வாயே திறப்பதில்லை. பாடகர் குழுவை எப்படி நடத்துவது?

கேட்டவர் இப்போதுதான் பொறுப்பேற்றிருப்பார் என்று நினைக்கிறேன். பழைய ஆட்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். "ஜனங்களுக்குப் பக்தி இல்லை" என்று முடித்துவிடுவார்கள்.

எத்தனை கட்டையில், அதாவது எவ்வளவு உயரமான சுருதியில் பாடுகிறீர்கள்? முதலில் அதைப் பாருங்கள்.

நான் பாம்பன் தீவில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பாட்டு நடத்துகிறேன். எனக்கு 5 கட்டை சுகமாக வரும். ஆனால் ஞாயிறு பூசையில் அந்தப் பக்கமே போவதில்லை. எந்தப் பாட்டாக இருந்தாலும் அதன் உச்சி எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். 1 கட்டைக் கணக்கில் மேல் ஸ, மிஞ்சிப்போனால் மேல் ரி. அதைத் தாண்டினால் கீபோர்டு தம்பியிடம் ட்ரான்ஸ்போஸை, அதாவது பாட்டின் சுருதியை, இறக்கச் சொல்லிவிடுவேன். "அக்கா, இதுல பாடினா உங்க குரல் எடுபடாது" என்பான். எடுபடாதுதான். திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார், பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும், "என்ன மதினி, குரல் போயிருச்சா?" என்று கேட்டாள். பின்னால் நின்ற ஆம்பளைகள் அன்றைக்கு வாய்விட்டுப் பாடியது அவள் காதில் விழவே இல்லை.

எங்கள் பக்கம் விசைப்படகுகள் சனிக்கிழமை கடலுக்குப் போனால் ஞாயிறு காலைதான் கரைக்கு வரும். ராத்திரி முழுக்கக் கண்விழித்து, மீனை இறக்கி, விலை பேசி, அவசரமாகக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நிற்கிற மனிதரிடம் மேல் பஞ்சமம் மாதிரி உச்சிச் சுரத்தை எதிர்பார்த்தால் நியாயமா?

அதே மனிதர்கள் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் இழுப்போடு சேர்த்து வாங்கிப் பாடுவார்கள். பூசையில் பாடகர் வரிகளைப் பாட, சபை பல்லவியைத் திருப்பிப் பாடுகிற பதிலுரைப் பாடலும் அப்படித்தானே? நான் பல்லவியை ஒரு தடவை பாடிவிட்டுக் கையை உயர்த்துவேன், மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போய்விடுவேன். ஆரம்பத்தில் சில வாரம் பல்லவி அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். உபதேசியார் பரிதாபப்பட்டுத் தனியாகப் பாடினார். நான் மைக் பக்கம் போகவில்லை. அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். இயேசுவை நல்ல மேய்ப்பராக நினைக்கிற நல்லாயன் ஞாயிறும் அதற்குள் வந்தது. "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று எடுத்துக் கொடுத்தேன். ஆண்கள் பக்கமிருந்து பதில் வந்த வேகத்தில் கீபோர்டு தம்பியே வாசிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

பெந்தெகொஸ்தே, சிஎஸ்ஐ நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் ஆராதனை முறை வேறு, நான் எங்கள் பூசையைச் சொல்கிறேன். புதுப் பாட்டுக்கு நான் எதிரி என்றும் எழுதாதீர்கள். மாதம் ஒரு புதுப் பாட்டு எடுக்கிறோம், பூசைக்கு முன்னால் சபைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு. இதெல்லாம் என் சொந்தச் சரக்கும் இல்லை. மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு 1963-லேயே சொல்லிவிட்டது. யூடியூபில் கேட்டதை அப்படியே பாட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

கீபோர்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உப்புக் காற்றில் அதன் அழுத்துகிற கட்டைகள் அடிக்கடி ஒட்டிக்கொள்ளும், சரி பண்ண மதுரைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியவர்கள், 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். அதுவரை பஸ்தான். ஒரு தடவை கண்டக்டர் கீபோர்டுக்கும் ஒரு முழு டிக்கெட் போட்டார். சீட் கேட்டால், "பொட்டிக்கு எதுக்கும்மா சீட்டு?" என்கிறார். காசையும் கொடுத்துவிட்டு மதுரை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுருதியை இறக்குவதையும் பல்லவியைச் சபைக்கு விடுவதையும் தவக்காலத்தில் தொடங்குங்கள். அப்போது இசைக்கருவிகள் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான் என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதனால் சத்தத்தைக் குறைத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பங்குச் சாமியாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரிதம் பேட் தம்பி கண்டிப்பாகக் கோபித்துக்கொள்வான். கல்யாணப் பூசையை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். அங்கே எப்படியும் யாரும் பாடப் போவதில்லை, எல்லோரும் வீடியோக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.