வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் 'சுயமாக வாழ்வது' என்றால் என்ன?

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் போல, சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கூடவே இருப்பவற்றை வளர்ச்சிக் குறைபாடு என்கிறோம். சுயமாக வாழ்வது என்றால் தன் நாளைத் தானே தீர்மானிப்பது: எதைச் சாப்பிடுவது, எங்கே போவது, யாரோடு பழகுவது. அதற்கு உதவி வாங்கிக்கொண்டாலும் அது சுயம்தான்.

பல வீடுகளில் இது நடக்காததற்குக் காரணம் பாசம். கூடவே அவசரமும். சட்டையை நாமே மாட்டிவிட்டால் ஒரு நிமிடம், அவரே மாட்டினால் பத்து நிமிடம். ஆனால் செய்து பார்க்காத கை பழகாது. பாம்பனில் வள்ளத்தில் புதிதாக ஏறும் பையனிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பிடுங்கமாட்டார், தூங்கவும் மாட்டார். உதவி அந்த அளவுதான்.

சரி, எப்படிப் பழக்குவது? வேலையைச் சிறு துண்டுகளாக உடைத்து, கடைசித் துண்டை முதலில் கொடுங்கள். நெத்திலி காயப்போடுவது என்றால், அலசுவது, வலையில் பரப்புவது, திருப்பிப் போடுவது எல்லாம் நீங்கள். காய்ந்ததைக் கூடையில் அள்ளுவது மட்டும் அவர். வேலை முடிந்த திருப்தி முதல் நாளே அவருக்குக் கிடைக்கும். அது கைவந்ததும் திருப்புவது, அப்புறம் பரப்புவது எனப் பின்னோக்கிப் போகலாம்.

18 வயதுக்குப் பிறகும் எல்லா முடிவும் வீட்டாருடையது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் வரையறுக்கப்பட்ட காப்பாளர்கூட, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறைபாடு உள்ளவரோடு கலந்து முடிவெடுப்பவர்தான்.