ஜூலை விடுமுறைப் பயணம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

டர்பனில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜூலை விடுமுறையில் நண்பர்கள் நால்வர் வாடகைக் கார் எடுத்துக் கிளம்பலாம் என்றிருக்கிறோம். சானி கணவாய் ஏறி லெசோத்தோ, பிறகு காஃபி பே, புளூக்ரான்ஸ் பாலத்தில் பஞ்சி (கயிறு கட்டிக் குதிப்பது), கேப் டவுன், குரூகர் வனவிலங்குப் பூங்கா, ஜோகன்னஸ்பர்க் வழியாக வீடு. மொத்தம் 14 நாள். ஆயா (எங்கள் பாட்டி) கூடவே கூடாது என்கிறார். முடியுமா?

– ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள தம்பி,

கட்டாயம் போங்கள். இந்த வயதில் போகாமல் வேறு எப்போது போவது? ஆனால் பாதி இடங்களைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

திட்டத்தில் வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜூலை இங்கே குளிர்காலம். ஏழு மணிவாக்கில்தான் விடியும், மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கார் ஓட்டப் பத்து மணி நேரம்தான் மிச்சம். காஃபி பே இருக்கும் டிரான்ஸ்கை பகுதி வழியாகப் போகும் என்2 சாலையில் தயவுசெய்து இரவில் ஓட்டாதீர்கள். பல இடங்களில் வேலி கிடையாது. இருட்டிய பிறகும் மாடுகள் நடுரோட்டில் அசையாமல் நிற்கும். கறுப்பு மாடாக இருந்தால், ஹெட்லைட்டில் அதன் கண் மின்னும்போது பிரேக் போட இடம் இருக்காது. ம்தாதா (பழைய பெயர் உம்டாட்டா) தாண்டி காஃபி பே பக்கம் திரும்பினால் குழிகள் வேறு.

சானியில் சாதாரணக் காரை விடமாட்டார்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். உச்சி 2,800 மீட்டருக்கு மேல். ஜூலையில் வெயில் படாத மேல் வளைவுகளில் தண்ணீர் கண்ணாடியாக உறைந்து கிடக்கும். காரை மலையடிவாரத்து ஊரான அண்டர்பெர்க்கில் விட்டுவிட்டு, அங்கே தினமும் ஆள் ஏற்றிப்போகும் வண்டியில் போய் வாருங்கள். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. லெசோத்தோ தனி நாடு, பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம்.

குரூகர் இந்த முறை வேண்டாம். புல் காய்ந்து மிருகங்கள் தண்ணீர் தேடி வரும் நல்ல மாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். இரண்டு முழுப் பகல் ரோட்டிலேயே போய்விடும். கேப் டவுனையும் விட்டுவிடலாம். அங்கே ஜூலை மழைக்காலம், காற்று பலமாக அடித்தால் டேபிள் மலையின் கேபிள் காரும் ஓடாது.

அப்புறம் என்ன மிஞ்சும்? சானி, காஃபி பே, புளூக்ரான்ஸ் பாலம் இருக்கும் சிட்சிகாமா. 14 நாளுக்கு இது தாராளம். காஃபி பேயில் மூன்று நான்கு இரவு தங்குங்கள். ஒரு நாள் காலையில் கிளம்பி, புல்மேட்டுக் குன்றுகளில் ஏறி இறங்கி, கடல் ஓட்டை போட்ட 'ஹோல் இன் த வால்' பெரும்பாறை வரை நடந்தே போங்கள். உள்ளூர்ப் பையன் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள், அவருக்கு நல்ல கூலி கொடுங்கள். இது மத்தி மீன் கூட்டம் வடக்கே போகும் பருவம். அதிர்ஷ்டம் இருந்தால் கடல்பறவைகள் மேலிருந்து செங்குத்தாகத் தண்ணீரில் பாய்வதைக் குன்றிலிருந்தே பார்க்கலாம். இதையெல்லாம் ஒரே இரவில் பார்த்துவிட்டு ஓடாதீர்கள்.

புளூக்ரான்ஸில் 216 மீட்டர் குதித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுங்கள். வழியில் ஓர் இரவு தங்காமல் அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம்.

ஆயா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். தினமும் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். பாட்கோஸ் (வழிக்கான கட்டுச்சோறு) கட்டித் தரச் சொல்லுங்கள், வழியில் கடை தேடி நேரம் போகாது.

காருக்குப் பணம் கட்டும் முன் ஓட்டுநரின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். வயது குறைந்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் கட்டணம் உண்டு. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதென்றால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா