முன்பணம் கொடுக்கும் முன் ரா ஃபைலைக் கேளுங்க

திருவந்திபுரம் கல்யாணத்துக்குப் பேசின போட்டோகிராபர் இன்ஸ்டாவில் காட்டுற படமெல்லாம் அவர் எடுத்ததுதானான்னு கேட்டிருக்கீங்க. சந்தேகமான படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே படம் இணையத்தில் வேற எங்கே இருக்குன்னு தேடிக் காட்டுற கூகுள் லென்ஸில் போடுங்க. சிக்கலைன்னா இடவலமாகத் திருப்பி மறுபடி போடுங்க. திருடுறவங்க அப்படித்தான் மாத்துவாங்க, ஓரத்து வாட்டர்மார்க்கையும் வெட்டிடுவாங்க. மண்டபப் பலகையில் எழுத்து கண்ணாடியில் பார்க்குற மாதிரி இருந்தா அங்கேயே குட்டு உடைஞ்சுது.

எந்தக் கேமராவில், எப்போ எடுத்ததுன்னு படத்துக்குள்ளேயே பதிவாகிற மெட்டாடேட்டாவுக்கு இன்ஸ்டா படம் உதவாது, அதெல்லாம் அழிஞ்சிருக்கும். அவர் கம்ப்யூட்டர்லேயே அந்தப் படத்தோட ரா ஃபைலையும் (கேமரா பதிவு பண்ற மூல ஃபைல்; நிக்கான்னா ஃபைல் பேர் என்இஎஃப்னு முடியும், சோனின்னா ஏஆர்டபிள்யூன்னு), அதுக்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்க. தாலி கட்டுற நேரத்தில் யாரும் ஒரே ஒரு கிளிக்கோட நிறுத்த மாட்டாங்க. பழைய வேலைக்கு ராவை அழிச்சிருக்கலாம், நியாயம்தான். போன மாசக் கல்யாணத்துக்குமா?

அன்னைக்கு நேரில் வந்து எடுக்கப் போறவர் பேரையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கோங்க.