சுவரில் கரும்பூஞ்சை: "ஜன்னலைத் திறங்க" என்றால் என்ன செய்வது?

இங்கிலாந்தில் ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கின்றி வீடுகளை வாடகைக்கு விடும் அமைப்பு) ஃபிளாட், குழந்தைக்கு இளைப்பு, படுக்கையறைச் சுவரில் பூஞ்சை. கேட்டால் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சாக்கு இனிச் செல்லாது. இப்படிப்பட்ட அமைப்புகள் ஈரம், பூஞ்சை ஆபத்தைக் கெடுவுக்குள் சரிசெய்தே ஆக வேண்டும் என்னும் அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது (அவாப் என்பது ராச்டேலில் பூஞ்சை பிடித்த ஃபிளாட்டில் வாழ்ந்து 2020இல் இறந்த 2 வயதுக் குழந்தையின் பெயர்).

போனில் சொன்னதோடு நிறுத்தாதீர்கள், இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். குழந்தையின் வயதும் இளைப்பும் முதல் வரியிலேயே இருக்கட்டும்; ஆபத்தை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். பிரச்சினை அவர்களுக்குத் தெரிந்தபின் 10 வேலை நாளுக்குள் ஆய்வு, அது முடிந்த 3 வேலை நாளில் எழுத்துப்பூர்வ அறிக்கை, ஆபத்து உறுதியானால் 5 வேலை நாளில் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் அவர்கள் செலவில் மாற்றுத் தங்குமிடம். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடிப் பேராபத்து இருக்கும் அவசர நிலை என்றால் ஆய்வும் பாதுகாப்பாக்குவதும் 24 மணி நேரத்துக்குள்.

கெடு தவறினால் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் வேண்டாம். "கம்ப்ளெயின்ட்" என்ற சொல்லையே போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் வெறும் ரிப்பேர் கோரிக்கையாகப் பதிந்துவிடக்கூடும். பதிவானபின் முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள்; அதில் திருப்தி இல்லை என்று மேலே கொண்டுபோனால் இரண்டாம் கட்டத்துக்கு 20. பிறகு ஹவுசிங் ஆம்புட்ஸ்மன் (வீட்டுப் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் அமைப்பு), கட்டணம் இல்லை.

வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாக்கியைக் காட்டியே உங்களைக் காலிசெய்ய வைக்க வழி கிடைத்துவிடும்.