மேடம் சொன்னால் 'சரி', அண்ணன் சொன்னால்தான் வேலை

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்கு இந்த வருடம் என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கீழே எல்லோரும் ஆண்கள், பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். நான் ஒரு வேலை சொன்னால் 'சரிங்க மேடம்' என்று தலையாட்டிவிட்டு நேராக சீனியர் சூப்பர்வைசரிடம் போய், 'அண்ணே, மேடம் பேரிங்கை மாத்தச் சொல்றாங்க, மாத்தணுமா?' என்று கேட்கிறார்கள். மீட்டிங்கில் நான் சொல்லும்போது யாரும் கண்டுகொள்ளாத யோசனையைக் கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னால் 'நல்ல ஐடியா' என்கிறார்கள். குரலை உயர்த்தினால் 'மேடத்துக்கு இன்னைக்கு மூடு சரியில்லை'. உயர்த்தாவிட்டால் 'இவங்களால ஆம்பளைங்களை மேய்க்க முடியுமா?' நான் கறாராக மாற வேண்டுமா, பொறுமையாகவே போக வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: அந்தக் கேள்வியை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். உங்கள் சுபாவத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்களிடம் அதற்கொரு குறை தயாராக இருக்கும். அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் ஆன் ஹாப்கின்ஸ் என்றொருவர் இருந்தார். 1982-ல் பார்ட்னர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். பெரிய ஒப்பந்தங்களைக் கொண்டுவந்ததில் மற்றவர்கள் அவர் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் பதவி கிடைக்கவில்லை, அறிவுரைதான் கிடைத்தது: பெண்மையாக நடக்கணும், பெண்மையாகப் பேசணும், மேக்கப் போடணும், நகை போடணும். வழக்குப் போட்டார். 1989-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், அதட்டிப் பேசினாலும் வேலைக்கு ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து என்ற இக்கட்டில் ஒரு பெண்ணை நிறுத்தக் கூடாது என்று நீதிபதிகள் எழுதினார்கள். நீங்கள் என்னிடம் கேட்டிருப்பதும் அதே இக்கட்டைத்தான்.

அதனால் உங்கள் குரலை விட்டுவிடுங்கள், வேலை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதியதில் கிண்டலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த பேரிங்தான். உங்கள் உத்தரவு இன்னொருவருடைய ஒப்புதலுக்குப் போய்த்தான் உத்தரவாகிறது என்றால், அவர்கள் உங்களை எவ்வளவு மரியாதையாக 'மேடம்' என்று அழைத்தாலும் அந்தப் பிரிவை நடத்துவது வேறு ஆள். சூப்பர்வைசர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சி வேண்டாம், பல வருடப் பழக்கத்தில் ஆட்கள் அவரிடம் போகிறார்கள், அவரும் பதில் சொல்கிறார், அவ்வளவுகூட இருக்கலாம். அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'உங்க அனுபவம் எனக்கு வேணும், நான் முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லுங்க, எதிர்த்தும் சொல்லுங்க. முடிவெடுத்த பிறகு யார் வந்து கேட்டாலும் மேடத்தையே கேளுன்னு அனுப்பிடுங்க' என்று நேராகப் பேசுங்கள். இதையே பேச்சோடு விட்டுவிடாமல், என்ன வேலை, யார் செய்வது, எப்போது முடிய வேண்டும் என்று ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் உங்கள் கையெழுத்தோடு எழுதிவையுங்கள். 'எனக்கு வேற மாதிரி சொன்னாங்க' என்று யாரும் தப்பிக்க முடியாது.

இதைவிட முக்கியமான ஆள் உங்கள் மேலதிகாரி. ஆட்கள் உங்களைத் தாண்டி அவரிடம் போகும்போது அவர் சரியான பதிலைச் சொன்னாலும் உங்கள் நாற்காலியின் ஒரு கால் போச்சு. 'அவங்ககிட்ட கேட்டீங்களா?' என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்ப வேண்டியது அவர் வேலை. அதை அவரிடம் உதவியாகக் கேட்காதீர்கள், இந்தப் பொறுப்பைக் கொடுத்தவர் அவர்தானே.

மீட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒபாமாவின் முதல் ஆட்சிக்காலத்தில் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஒருத்தி ஒரு யோசனை சொன்னால் இன்னொருத்தி உடனே அதை அவள் பெயரோடு திரும்பச் சொல்வது என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் யாரும் அதைத் தன்னுடையதாக்க வழியில்லை. நீங்கள் ஒரே பெண் என்றால் இந்த வேலையை ஒரு ஆணும் செய்யலாம், நியாயமான ஒருவராவது அங்கே இருப்பார். அப்படி யாரும் இல்லையென்றால் நீங்களே, 'நான் முதல்ல சொன்னது அதான். சரி, யார் எப்ப ஆரம்பிக்கிறீங்க?' என்று கேட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

அந்த 'மூடு' பேச்சுக்கு விளக்கம் சொல்லவே சொல்லாதீர்கள். 'அந்த ஜோக்கை எனக்கு விளக்குங்க' என்று கேட்கச் சிலர் சொல்லித்தருவார்கள். பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருக்கும் அறையில் அது எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'பேரிங் மாத்தியாச்சா?' என்று கேளுங்கள், போதும். உடம்பைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ பேச்சு போனால் இந்த யோசனையெல்லாம் செல்லாது, தேதி, நேரம், கூட இருந்தவர்கள் பெயரோடு எழுத்தில் புகார் கொடுங்கள். பாலினத்தை வைத்துச் செய்வது உட்பட வேலையிடத்தில் நடக்கும் வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் தனியாக ஒரு உடன்படிக்கையே (எண் 190) கொண்டுவந்திருக்கிறது, 'இதெல்லாம் சின்ன விஷயம்' என்று யாராவது சொன்னால் ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: ராத்திரி மெஷின் நின்றுபோனால் என் அதிகாரி என்னைக் கூப்பிடாமல் என் ஜூனியரைக் கூப்பிடுகிறார். 'உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்' என்கிறார். நல்ல மனசோடு செய்பவரிடம் எப்படிக் கோபப்படுவது?

பதில்: கோபப்பட வேண்டாம், ஆனால் விட்டும்விட வேண்டாம். பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996-லேயே இந்த ரகத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: முகத்தில் அன்பு, விளைவில் பாகுபாடு. ராத்திரி பிரேக்டவுனில்தான் மெஷினின் உள்குணம் பிடிபடும், பதவி உயர்வுப் பேச்சு வரும்போது 'அன்னைக்கு ராத்திரி அவன்தான் வந்து சரிபண்ணான்' என்று எடுத்துப் பேசுவதும் அதைத்தான். உங்கள் ஜூனியருக்கு அந்தப் பெயர் சேர்ந்துகொண்டே போகிறது. 'சிரமமா இல்லையான்னு நான் சொல்றேன் சார், முதல் போன் எனக்கு வரட்டும்' என்று சொல்லுங்கள். ராத்திரி போய்வர வண்டி வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், ஆண்களுக்கும் அது தேவைதான்.

கேள்வி: எங்கள் டீம் லீடர் ஒரு பெண். வேலை தெரிந்தவர், எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டீக்கடையில் பசங்க அவரைக் கிண்டல் செய்யும்போது நானும் சிரித்துவிடுகிறேன். எதிர்த்துப் பேசினால் என்னையும் ஓட்டுவார்கள். என்ன செய்வது?

பதில்: ஓட்டட்டும் தம்பி, இரண்டு நாள் ஓட்டுவார்கள். அங்கே நின்று பிரசங்கம் பண்ணச் சொல்லவில்லை, சிரிக்காமல் டீயைக் குடியுங்கள், பேசியவனுக்கே என்னவோபோல் ஆகிவிடும். அப்புறம் அடுத்த மீட்டிங்கில் அவர் சொன்னதை வேறொருவன் தன் யோசனையாக எடுத்துவிட்டால், 'இதை மேடம் முதல்லயே சொன்னாங்களே' என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.